உங்களுக்குத் தெரியுமா? கவுண்டி வாரியம் கூடுகிறது

அமெரிக்க அதிபர் தும்மினால்கூட உலகத்துக்குச் செய்தி. ஆனால் அந்த நாட்டில் ஒரு கிராமச் சாலைக்கு ஜல்லி கொட்டுவது, சிறையில் இருப்பவருக்குச் சோறு போடுவது, வீட்டு வரித் தகராறைக் கேட்பது, ஓட்டு எண்ணிக்கை சரிதான் என்று கையெழுத்துப் போடுவது எல்லாம் வேறு ஆட்களின் பொறுப்பு. மாநிலத்துக்கு அடுத்த படி கவுண்டி. நாடு முழுக்க 3,100-க்கு மேல் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு வாரியம் உண்டு. மாதத்துக்கு ஓரிரு முறை, பெரிய ஊர் என்றால் வாராவாரம்கூடக் கூடுவார்கள். பார்வையாளர் நாற்காலிகளில் பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கும். அந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரல் போகிற போக்கிலேயே நாமும் போய்ப் பார்ப்போம்.

மேடையில் யார் யார்?

லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் சுமார் ஒரு கோடிப் பேர் வசிக்கிறார்கள். வாரியத்தில் ஐந்தே ஐந்து சூப்பர்வைசர்கள். ஆளுக்கு இருபது லட்சம் பேர்! 'ஐந்து குட்டி ராஜாக்கள்' என்று கேலி செய்வது அங்கே வழக்கம். 2020 முதல் ஐந்து பேரும் பெண்கள் என்பதால் அந்தக் கேலிக்கும் வேலையில்லாமல் போயிற்று.

இதற்கு நேர் எதிர், டெக்சஸ் மாநிலத்தின் லவிங் கவுண்டி. 2020 கணக்கெடுப்பில் மொத்த மக்கள்தொகை 64. அங்கேயும் வாரியத்துக்கு ஐந்து பேர்தான்: ஒரு கவுண்டி ஜட்ஜ், நான்கு கமிஷனர்கள். வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் பிரசாரம் முடிந்துவிடும்.

விஸ்கான்சினில் மாரத்தான் கவுண்டி என்று ஒன்று. ஒன்றே கால் லட்சத்துக்குச் சற்று மேல் மக்கள். வாரியத்தில் 38 பேர். வருகைப் பதிவு எடுக்கவே நேரம் பிடிக்கும்.

ஜார்ஜியா மாநிலத்தில் இன்னும் ஒரு விசித்திரம் உண்டு. சில கவுண்டிகளில் வாரியம் என்பதே ஒரே ஒரு கமிஷனர். முன்மொழிகிறவரும் அவரே, வழிமொழிகிறவரும் அவரே, கை தூக்குகிறவரும் அவரே. சிரிக்கலாம்தான். ஆனால் பிளெக்லி கவுண்டியில் அது சிரிப்பாக இல்லை. ஒரே ஒரு பதவி என்றால் பெரும்பான்மை வெள்ளையர் ஓட்டே எப்போதும் ஜெயிக்கும், எங்கள் ஆள் ஒருநாளும் வர முடியாது என்று கறுப்பின வாக்காளர்கள் வழக்குப் போட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வாரியத்தில் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்பதை வாக்குரிமைச் சட்டத்தின் 2-ஆம் பிரிவைக் கொண்டு கேள்வி கேட்க முடியாது என்று 1994-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. அதாவது, அந்த வழக்கைத் தீர்த்து வைத்ததும் ஒரே ஒரு ஓட்டுதான்.

வாரியத்துக்கு மாநிலத்துக்கு மாநிலம் பெயர் வேறு. டெக்சஸில் கமிஷனர்ஸ் கோர்ட், கென்டக்கியில் ஃபிஸ்கல் கோர்ட், ஆர்கன்சாவில் குவாரம் கோர்ட், லூசியானாவின் பல பகுதிகளில் போலீஸ் ஜூரி. போலீசைத் தேடிப் போனால் அங்கே சாலை டெண்டர்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

பின்னாளில் அமெரிக்க அதிபரான ஹாரி ட்ரூமனை 'ஜட்ஜ் ட்ரூமன்' என்று கூப்பிட்ட காலம் உண்டு. அவர் வக்கீல் இல்லை. இரவுக் கல்லூரியில் சட்டம் படிக்கப் போய்ப் பாதியில் விட்டவர். மிசோரியில் ஜாக்சன் கவுண்டியின் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கு அன்று ஜட்ஜ் என்று பெயர். அவ்வளவுதான் விஷயம். 1922-ல் ஜெயித்து, 1924-ல் தோற்று, 1926-ல் தலைமை ஜட்ஜாகத் திரும்பி வந்தார். சாலைகள் போட்டார். கன்சாஸ் சிட்டியில் புதிய கோர்ட் கட்டடம் கட்ட வேண்டும் என்று முடிவானபோது, நல்ல மாதிரி எங்கே இருக்கிறது என்று காரை எடுத்துக்கொண்டு மாநிலம் மாநிலமாகச் சுற்றினார். லூசியானாவில் ஷ்ரீவ்போர்ட் நகரத்துக் கோர்ட் கட்டடம் பிடித்துப்போக, அதை வடிவமைத்த எட்வர்ட் நீல்டையே அமர்த்தினார். அதிபரான பிறகு வெள்ளை மாளிகையைப் புதுப்பிக்கும்போதும் ஆலோசனைக்கு அதே நீல்ட். ட்ரூமன் நூலகத்தை வடிவமைத்தவர்களில் ஒருவரும் அவரே. பழகிய கொத்தனாரை விடாத குடும்பங்களை நாம் பார்த்ததில்லையா!

நோட்டீஸ் ஒட்டியாயிற்றா?

1952-ல் 'சான் ஃபிரான்சிஸ்கோ கிரானிக்கிள்' பத்திரிகையில் ஒரு தொடர் வந்தது. கலிஃபோர்னியாவில் உள்ளாட்சி மன்றங்கள் எப்படி ரகசியமாகக் கூடி முடிவெடுத்துவிட்டு, வெளியே வந்து சம்பிரதாயத்துக்கு ஓட்டுப் போடுகின்றன என்று புட்டுப் புட்டு வைத்தது. மொடஸ்டோ ஊர்ச் சட்டமன்ற உறுப்பினர் ரால்ஃப் பிரவுன் அதைக் கையிலெடுத்தார். 1953-ல் பிரவுன் சட்டம் பிறந்தது. இன்று அந்த மாநிலத்தில் வழக்கமான கூட்டம் என்றால் 72 மணி நேரத்துக்கு முன்பே நிகழ்ச்சிநிரலை எல்லாரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். நிரலில் இல்லாத விஷயத்தில், சில அவசர விதிவிலக்குகள் தவிர, முடிவெடுக்கக் கூடாது.

இந்தச் சட்டத்தால் வந்த வேடிக்கை ஒன்று. ஐந்து பேர் வாரியத்தில் இருவர் சேர்ந்து காபி குடித்துக்கொண்டே கவுண்டி விவகாரம் பேசலாம். மூன்றாமவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அதில் சேர்ந்துகொண்டால் பெரும்பான்மை ஆகிவிடும்; அது நோட்டீஸ் இல்லாத சட்டவிரோதக் கூட்டம். முதலாமவர் இரண்டாமவரிடம் சொல்லி, அவர் மூன்றாமவரிடம் சொல்லிச் சுற்றி வளைத்துக் கருத்தொற்றுமை உண்டாக்குவதும் குற்றமே. ஃப்ளோரிடாவில் இன்னும் கறார். அங்கே ஒரே வாரியத்தைச் சேர்ந்த இருவர், வாரியத்தின் முன் வரக்கூடிய விஷயத்தைத் தனியாகப் பேசிக்கொள்வதே கூடாது. கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தால்கூட மழையைப் பற்றித்தான் பேச வேண்டும். அந்த மழையில் உடைந்த பாலத்தைப் பற்றிப் பேசக் கூடாது!

சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு

எல்லாரும் கொட்டாவி விடும் கட்டம் இது. ஆனால் கவுண்டிக்கு உயிரே அதன் பதிவேடுகள்தான். வெர்ஜீனியாவின் ஈஸ்ட்வில் என்ற சிற்றூரில் 1632 முதல் இடைவெளி இல்லாமல் தொடரும் கவுண்டி நீதிமன்றப் பதிவேடுகள் இருக்கின்றன. அந்த நாட்டில் அவ்வளவு பழைய தொடர் பதிவேடு வேறெங்கும் இல்லை. அந்தக் காலத்தில் கவுண்டியின் நிர்வாகமும் அந்த நீதிமன்றத்தின் கையில்தான் இருந்தது.

கன்சாஸ் மாநிலத்தின் கிரே கவுண்டியில் இந்தப் பதிவேடுகளுக்காகத் துப்பாக்கிச் சண்டையே நடந்தது. கவுண்டியின் தலைநகர் சிமரனா, இங்கல்ஸா என்று சண்டை. பதிவேடுகள் எங்கே இருக்கின்றனவோ அதுதான் தலைநகர். 1889 ஜனவரியில் இங்கல்ஸ் தரப்பு ஆயுதக் கும்பல் ஒன்றைக் கூட்டிக்கொண்டு, வண்டியோடு போய்ச் சிமரன் கோர்ட்டுக்குள் நுழைந்து பதிவேடுகளை அள்ளி ஏற்றியது. ஊர்க்காரர்கள் சும்மா விடுவார்களா? தெருவில் தோட்டா பறந்தது, ஒருவர் உயிரிழந்தார். நில ஆவணம், வரிக் கணக்கு, ஓட்டுப் பட்டியல் எல்லாம் ஒரே அலமாரியில் இருந்த காலம். அலமாரியைத் தூக்கினால் அரசாங்கத்தையே தூக்கினாற்போல.

இந்தக் காலத்தில் துப்பாக்கி வேண்டாம், மறதியே போதும். லாஸ் ஏஞ்சலஸ் வாக்காளர்கள் 2020-ல் ஒரு திருத்தத்தை நிறைவேற்றினார்கள். கவுண்டியின் சொந்த வருவாயில் ஒரு பங்கு, சிறைக்கு மாற்றான சேவைகளுக்கே போக வேண்டும் என்பது அதன் சாரம். அதைக் கவுண்டியின் சாசனப் புத்தகத்தில் சேர்க்க வேண்டிய எழுத்தர் வேலை நடக்கவில்லை. 2024 நவம்பரில் வாரியத்தை ஐந்திலிருந்து ஒன்பதாக்கவும், நிர்வாகத் தலைவரை மக்களே தேர்ந்தெடுக்கவும் இன்னொரு திருத்தம் ஓட்டுக்கு வந்தது. பழைய பிரதியை வைத்துக்கொண்டு எழுதிய திருத்தம். ஜெயித்தது. ஜெயித்தபோது 2020 திருத்தத்தை அழிக்கும் வழியையும் திறந்துவிட்டது! 2025 கோடையில்தான் விஷயம் வெளியே தெரிந்தது. வாக்காளர்களுக்கும் தெரியாது, எழுதியவர்களுக்கும் தெரியாது. நடவடிக்கைக் குறிப்பைப் படிக்காமல் கை தூக்குகிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

ஒழுங்குப் பிரச்சினை!

'முன்மொழிகிறேன்', 'வழிமொழிகிறேன்', 'விவாதத்தை முடித்து ஓட்டுக்கு விடுங்கள்' என்று அமெரிக்கக் கூட்டங்களில் ஓயாமல் கேட்கும் வரிசை ஒரு ராணுவப் பொறியாளரின் கைவண்ணம். பெயர் ஹென்றி மார்ட்டின் ராபர்ட். 1863-ல் மாசசூசெட்ஸின் நியூ பெட்ஃபோர்டில் ஒரு பாப்டிஸ்ட் சர்ச் கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொன்னார்கள். கூட்டம் கைமீறிப் போயிற்று. அவமானம் தாங்காமல் சபை நடைமுறைகளைத் தேடித் தேடிப் படித்தவர், 1876-ல் சொந்தக் காசைப் போட்டு 4,000 பிரதி அச்சிட்டார். 'ராபர்ட்ஸ் ரூல்ஸ் ஆஃப் ஆர்டர்' இன்றைக்கும் விற்கிறது. கவுண்டி வாரியம், பள்ளி வாரியம், குடியிருப்போர் சங்கம் என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் அதை மேற்கோள் காட்டுவார்.

பலருக்குத் தெரியாத மறுபாதி இனிமேல்தான். 1900-ல் டெக்சஸின் கால்வெஸ்டன் தீவைப் புயல் அடித்துத் துடைத்தது. குறைந்தது 6,000 பேர் மாண்டார்கள். இனி கடலைத் தடுப்பது எப்படி என்று யோசனை கேட்டு மூன்று பொறியாளர்களை நகரம் அமர்த்தியது. அவர்களில் ஒருவர், ஓய்வுபெற்ற ஜெனரல் ராபர்ட். அதே ராபர்ட்தான்! 17 அடி உயரம், மூன்று மைலுக்கு மேல் நீளம் என்று கான்கிரீட் கடற்சுவரை வரைந்து கொடுத்தார்கள். நகரத்திடம் பணம் இல்லை. கால்வெஸ்டன் கவுண்டி கடன் பத்திரம் விட்டு 15 லட்சம் டாலர் திரட்டிச் சுவரைக் கட்டியது. 1902-ல் தொடங்கி 1904-ல் முடிந்தது. 1915-ல் அதே வலுவோடு இன்னொரு புயல் வந்து மோதியபோது சுவர் நின்றது. சுவருக்குப் பின்னாலிருந்த நகரம் பிழைத்தது. புத்தகமா, சுவரா, எது பெரிய சாதனை என்று என்னைக் கேட்டால் சுவர் என்பேன். கூட்டங்களில் உட்கார்ந்து எழுந்தவர்கள் புத்தகம் என்பார்கள்.

ஒட்டுமொத்த ஒப்புதல் பட்டியல்

நாற்பது, ஐம்பது அம்சங்களை ஒரே கட்டாகக் கட்டி, ஒரே ஓட்டில் நிறைவேற்றும் வழக்கம் பல வாரியங்களில் உண்டு. மதகுக் குழாய் வாங்குதல், சாலையைச் சமன்படுத்தும் கிரேடர் வண்டிக்கு டயர், சிறை மருத்துவரின் ஒப்பந்த நீட்டிப்பு, சாராய உரிமம் புதுப்பித்தல், போன மாதப் பில்கள். படிப்பதற்குள் 'ஆம், ஆம், ஆம்' முடிந்துவிடும். யாராவது ஓர் உறுப்பினர் 'ஏழாவது அம்சத்தைத் தனியே எடுங்கள்' என்றால் மட்டும் அது கட்டிலிருந்து பிரியும். விவரம் தெரிந்த உள்ளூர் நிருபர் பேச்சுகளுக்குக் காது கொடுக்க மாட்டார். இந்தப் பட்டியலைத்தான் விரல் வைத்துப் படிப்பார்.

ஜனவரியில் நடக்கும் முதல் கூட்டம் தனி ரகம். தலைவர் யார், கூட்டம் எந்தக் கிழமை, கவுண்டியின் பணம் எந்த வங்கியில், சொந்தக் காரில் போனால் மைலுக்கு எவ்வளவு, அரசு அறிவிப்புகளை எந்தப் பத்திரிகையில் போடுவது என்று எல்லாவற்றையும் புதிதாகத் தீர்மானிப்பார்கள். கடைசியாகச் சொன்னதை லேசாக நினைக்க வேண்டாம். அயோவா போன்ற மாநிலங்களில் வாரியத்தின் நடவடிக்கைகளையும் யாருக்கு எவ்வளவு பணம் கொடுத்தார்கள் என்பதையும் பத்திரிகையில் வெளியிட்டே தீர வேண்டும். சிற்றூர் வாரப் பத்திரிகைக்கு அந்தக் கட்டணம்தான் கஞ்சி. வாரியத்தைக் கண்காணிக்க வேண்டிய பத்திரிகைக்கு வாரியமே படியளக்கிறது என்ற சங்கடம் அதில் இருக்கத்தான் செய்கிறது.

அயோவாவில் ஒவ்வொரு கவுண்டி வாரியமும் களைகளுக்கென்றே ஒரு கமிஷனரை நியமிக்க வேண்டும். சட்டம் சொல்கிறது! வயலில் ஆகாத களை மண்டினால் அவர் வந்து நிற்பார்.

மின்னசோட்டாவில் வயலைத் தோண்டிப் பாழாக்கும் கோஃபர் என்ற வளை எலியைப் பிடிப்பவருக்குச் சன்மானம் கொடுக்கக் கவுண்டிகளுக்குச் சட்டம் இடம் தருகிறது. பிடித்ததற்கு அத்தாட்சி? முன்னங்கால்கள். குழந்தைகள் டப்பாவில் உப்புப் போட்டுச் சேர்த்து வைத்துக் கொண்டுவருவார்கள். வயோலா என்ற ஊரில் 1874 முதல் இதற்கொரு திருவிழாவே நடக்கிறது. ஊர்வலம், விருந்து, நடுவே கால் எண்ணும் மேசை.

சான் ஃபிரான்சிஸ்கோவில் நகரமும் கவுண்டியும் ஒன்றே. ஹார்வி மில்க் 1977-ல் அங்கே சூப்பர்வைசராக ஜெயித்தார். ஒருபால் ஈர்ப்பாளர் உரிமைக்காக அவர் போராடியதும் மறு ஆண்டே சுட்டுக் கொல்லப்பட்டதும் உலகறிந்த கதை. ஊர்க்காரர்களிடம் அவருக்குப் பெரும் பேர் வாங்கித் தந்தது வேறு: நாய் அசிங்கம் செய்தால் நாயின் சொந்தக்காரரே அள்ள வேண்டும் என்ற சட்டம். பூங்காவில் கேமராக்களைக் கூட்டி வைத்து, பேசிக்கொண்டே நடந்து, சரியாக அதன்மேலேயே காலை வைத்தார். முன்கூட்டியே பார்த்து வைத்திருந்த இடம்!

பொதுமக்கள் பேசலாம்

பெயர்ச் சீட்டைக் கொடுத்தால் யாரும் பேசலாம். பெரும்பாலும் மூன்று நிமிடம். கூட்டம் அதிகமென்றால் இரண்டு, ஒன்று. மேடையில் சிறு விளக்குகள் உண்டு: பச்சை, மஞ்சள், சிவப்பு. பேசுகிறவர் திட்டுகிறார் என்பதற்காக மைக்கைப் பிடுங்க முடியாது. அரசியல் சாசனத்தின் பேச்சுரிமை நடுவில் நிற்கிறது. எல்லாக் கவுண்டியிலும் ஒரு கூட்டம் விடாமல் வந்து, எல்லா அம்சத்துக்கும் சீட்டுக் கொடுக்கும் ஒருவர் இருப்பார். உறுப்பினர்கள் உள்ளுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு 'நன்றி, அடுத்தவர்' என்பார்கள். நிகழ்ச்சிநிரலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்த ஒரே ஆள் அவராகவும் இருக்கக்கூடும்.

கவுண்டியிடம் எவ்வளவு அதிகாரம்?

மாநிலம் கொடுத்த அதிகாரம் மட்டுமே கவுண்டிக்கு உண்டு. சந்தேகம் வந்தால் இல்லை என்றே கொள்ள வேண்டும் என்று 1868-ல் அயோவாவின் நீதிபதி ஜான் டில்லன் வகுத்த விதி இன்றும் பல மாநிலங்களில் செல்லும். இதை மீறி மூச்சு விட வழி செய்தது சுயாட்சிச் சாசனம். அப்படியொரு சாசனத்தை நாட்டிலேயே முதலில் ஏற்ற கவுண்டி லாஸ் ஏஞ்சலஸ். ஆண்டு 1912.

ஷெரிஃப் என்ற காவல் தலைவர், வரி மதிப்பீட்டாளர், பொருளாளர் ஆகியோரைப் பல இடங்களில் மக்கள் தனித்தனியே தேர்ந்தெடுக்கிறார்கள். வாரியம் அவர்களுக்குப் பட்ஜெட் ஒதுக்கலாம். வேலையை விட்டுத் தூக்க முடியாது. பணப்பெட்டியின் சாவி ஒருவரிடம், பெட்டி இன்னொருவரிடம்.

இதன் விபரீதத்தை 1994-ல் கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டி அனுபவித்தது. பொருளாளர் ராபர்ட் சிட்ரன் பல்லாண்டுகளாக அள்ளி அள்ளி லாபம் காட்டியவர். பள்ளிகள், நகராட்சிகள் எல்லாம் அவரிடம் பணத்தைக் கொண்டுவந்து கொட்டின. அதை அடகு வைத்துக் கடன் வாங்கி, வட்டி விகிதம் ஏறாது என்று பந்தயம் கட்டினார். ஏறியது. 160 கோடி டாலருக்கு மேல் போச்சு. டிசம்பர் 6 அன்று கவுண்டி திவால் மனு கொடுத்தது. அதுவரை அமெரிக்க உள்ளாட்சி எதுவும் அவ்வளவு பெரிய தொகைக்குத் திவாலானதில்லை. வட்டி எப்படிப் போகும் என்று சிட்ரன் தபால் வழி ஜோசியரிடமும் கேட்டு வந்தார் என்பது பிறகு வெளிவந்தது. அதே ஆண்டு ஜூனில் நடந்த தேர்தலில் ஜான் மூர்லாக் என்ற கணக்காளர் சிட்ரனை எதிர்த்து நின்று, இந்த முதலீடு ஆபத்து என்று கத்தினார். படுதோல்வி. மறு ஆண்டு அவரையே கூப்பிட்டுப் பொருளாளர் ஆக்கினார்கள்.

2011-ல் அலபாமாவின் ஜெஃபர்சன் கவுண்டி அந்தச் சாதனையை முறியடித்தது. கடன் 400 கோடி டாலருக்கு மேல். காரணம்? சாக்கடைக் குழாய். குழாயைச் சரிசெய்ய வாங்கிய கடன், கடனுக்கு வட்டி, வட்டிக்கு இன்னொரு ஒப்பந்தம், ஒவ்வொன்றிலும் கமிஷன். முன்னாள் வாரியத் தலைவர் உள்பட லஞ்ச வழக்கில் பலர் சிறை சென்றார்கள்.

ஒருவரும் கவனிக்காத வேலைகள்

விபத்து நடந்த இடத்துக்கே வந்து சிகிச்சை தொடங்கும் பாராமெடிக்குகள் கலிஃபோர்னியாவில் சட்டப்படி வந்தது 1970-ல். அதற்கு முன் நர்சும் டாக்டரும் தவிர வேறு யாரும் அந்தச் சிகிச்சையைத் தொடக் கூடாது. அதை மாற்ற வைக்க ஓடியவர்களில் முக்கியமானவர், 40 ஆண்டுகள் லாஸ் ஏஞ்சலஸ் சூப்பர்வைசராக இருந்த கென்னத் ஹான். கவுண்டியின் ஹார்பர் ஜெனரல் மருத்துவமனையில் முதல் குழு பயிற்சி எடுத்தது. 1972-ல் அந்தக் கவுண்டித் தீயணைப்புத் துறையை வைத்து 'எமர்ஜென்சி!' என்ற தொலைக்காட்சித் தொடர் வந்ததும் மற்ற ஊர்க்காரர்கள், 'எங்களுக்கும் வேண்டும்' என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அதே கவுண்டி 1896 முதல் இன்னொரு கடமையையும் செய்துவருகிறது. கேட்பாரற்றுப் போனவர்களைத் தகனம் செய்து, சாம்பலைச் சுமார் மூன்று ஆண்டுகள் வைத்துக் காத்திருக்கிறது. யாரும் வராவிட்டால் ஒவ்வொரு டிசம்பரிலும் பாயில் ஹைட்ஸ் இடுகாட்டில் ஒரே குழியில் அடக்கம். பெயர்கள் கிடையாது, ஆண்டு மட்டும் பொறித்த ஒரு கல். பல மதப் பிரார்த்தனைகளைப் பல மொழிகளில் சொல்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர்.

அயோவாவில் சூப்பர்வைசர்கள்தான் விவசாய வடிகால் மாவட்டங்களின் அறங்காவலர்கள். வயலுக்கடியில் குழாய் பதித்து நீரை ஆற்றுக்கு விடும் அமைப்பு அது. 2015-ல் டி மாய்ன் நகரக் குடிநீர் வாரியம் சேக், கல்ஹூன், புவெனா விஸ்டா ஆகிய மூன்று கவுண்டிகளின் சூப்பர்வைசர்கள் மேல் வழக்குப் போட்டது. உங்கள் வடிகால் வழியே வரும் நைட்ரேட்டைப் பிரித்தெடுக்க நாங்கள் ஏன் செலவழிக்க வேண்டும் என்பது கேள்வி. 2017-ல் வழக்குத் தள்ளுபடி. நைட்ரேட் தள்ளுபடி ஆகவில்லை.

தேர்தல் முடிவை உறுதி செய்வதும் வழக்கமாக ஒரு நிமிட வேலை. 2022 நவம்பரில் அரிசோனாவின் கோச்சீஸ் கவுண்டியில் மூன்று சூப்பர்வைசர்களில் இருவர் கெடு நாள் வந்தும் முடிவை உறுதி செய்ய மறுத்தார்கள். வழக்கு வந்தது. நீதிபதி 'இன்றே கையெழுத்துப் போடுங்கள்' என்றார். டிசம்பர் 1 அன்று இரண்டுக்குப் பூஜ்யம் என்று நிறைவேறியது. மறுத்த இருவரில் ஒருவர் வரவே இல்லை. தம் கவுண்டி மக்களின் ஓட்டே மாநிலக் கணக்கில் சேராமல் போயிருக்கும் என்பதுதான் இதில் உச்சம்.

2022 ஜூன் 28 அன்று லாஸ் ஏஞ்சலஸ் வாரியத்தின் நிரலில் ஒரு நிலமாற்ற அம்சம் இருந்தது. மன்ஹாட்டன் பீச் கடற்கரையில் வில்லா, சார்லஸ் புரூஸ் என்ற கறுப்பினத் தம்பதி 1912 முதல் நடத்திய விடுதி. பூங்கா அமைக்கிறோம் என்று சொல்லி நகராட்சி 1924-ல் கையகப்படுத்தும் வேலையைத் தொடங்கிப் பறித்த நிலம் அது. பல கை மாறிக் கவுண்டியிடம் வந்திருந்தது. ஒருமனதாக ஓட்டு, வாரிசுகளிடம் நிலம் திரும்பியது. அடுத்த ஆண்டே அவர்கள் அதைக் கவுண்டிக்கே சுமார் 2 கோடி டாலருக்கு விற்றார்கள். ஏன் விற்றார்கள் என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. சொந்த நிலத்தை விற்கும் உரிமையும் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்த உரிமைதானே.

கூட்டம் முடிந்தது… முடியவில்லை

வெர்ஜீனியாவின் பிரின்ஸ் வில்லியம் கவுண்டியில் 2023 டிசம்பர் 12 காலை தொடங்கிய வாரியக் கூட்டம் மறுநாள்தான் முடிந்தது. சுமார் 27 மணி நேரம். மனாசஸ் உள்நாட்டுப் போர்க்களப் பூங்காவுக்குப் பக்கத்தில் 2,000 ஏக்கருக்கு மேல் பெரும் தரவு மையங்களுக்கு ஒதுக்கலாமா என்பது விவாதம். நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நின்று பேசினார்கள். புதிய வாரியம் பொறுப்பேற்கச் சில வாரங்களே இருந்த நேரம். நான்குக்கு மூன்று, ஒருவர் ஓட்டுப் போடவில்லை, நிறைவேறியது. 2025 ஆகஸ்டில் சர்க்யூட் நீதிமன்ற நீதிபதி அந்த முடிவு செல்லாது என்றார். தரவு மையம் நல்லதா கெட்டதா என்ற பேச்சுக்கே அவர் போகவில்லை. கூட்டத்துக்கு முன்னால் கொடுத்திருக்க வேண்டிய பொது அறிவிப்பு சட்டப்படி வெளியாகவில்லை, அவ்வளவுதான். தோற்ற தரப்பு மேல்முறையீட்டுக்குப் போனது.